பனிக்காட்டில் ஒரு பசியாறல்



பசியாறிவிட்டீர்களா? இல்லையென்றால் ஒரு கோப்பை கோப்பியைக் கலக்கிக்கொண்டு வந்து உட்காருங்கள். இந்த முறை நான் சொல்லப்போவது சாப்பாட்டுக் கதை. ஆனால் கதை முடிவதற்குள் பால்மரமும் வந்து சேர்ந்துவிடும். நான் எங்கே போனாலும் அது என் பின்னாலேயே வந்துவிடுகிறது. என்ன செய்வது!

2023ஆம் ஆண்டு மார்ச் மாதம் கனடாவுக்குப் போயிருந்தேன். கியூபெக் மாநிலத்து மொண்ட்ரியல் நகரில் என் மகள் குடும்பம் நடத்துகிறாள். மருமகன் யாழ்ப்பாணத்துப் பிள்ளை. போருக்குப் பயந்து ஊரைவிட்டு வந்த இலங்கைத் தமிழர் அந்த நகரில் ஆயிரக்கணக்கில் வாழ்கிறார்கள். சம்பந்தி அம்மாவும் அவர்களோடுதான் இருக்கிறார். பேரனுக்கு ஒன்பது வயது.

போய்ச் சேர்ந்த மறுநாளே ஒரு சங்கடம். சம்பந்தி அம்மா அன்பாகப் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "சம்மந்தி, உங்கட தோட்டம் எத்தினை பரப்பு?" என்று கேட்டார். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. நான் வாயைத் திறப்பதற்குள் என் மகள், "அம்மா களைச்சுப் போயிருக்காங்க, மாமி" என்று சொல்லி என்னை அறைக்குள் அழைத்துப் போய்விட்டாள்.

பிறகுதான் தெரிந்தது. யாழ்ப்பாணத்தில் பரப்பு என்பது நில அளவு. தோட்டம் என்றால் அங்கே சொந்த நிலத்தில் வெங்காயமும் புகையிலையும் மிளகாயும் போடுவது. கல்யாணப் பேச்சு நடந்தபோது என் மகள், "அம்மா தோட்டத்தில் இருந்தவங்க" என்று சொல்லியிருக்கிறாள். அவர்கள் நிலபுலன் உள்ள குடும்பம் என்று எடுத்துக்கொண்டார்கள். அவளும் திருத்தவில்லை. பன்னிரண்டு வருடம் அப்படியே ஓடிவிட்டது.

"பொய் சொல்லலம்மா. சொல்லாம விட்டுட்டேன்" என்றாள். நான் ஒன்றும் சொல்லவில்லை. விடியற்காலை நாலரை மணிக்குப் பெரட்டுக்களத்தில் நின்ற என் காலை அவள் பார்த்ததில்லை. ஆனால் என் கை நாற்றம் அவளுக்குத் தெரியும். பள்ளிக்கூடத்தில் ஒரு பிள்ளை, "உன் மேல் ஒட்டுப்பால் வாடை அடிக்குது" என்று சொன்னதற்காக இரண்டு நாள் சாப்பிடாமல் இருந்தவள் அவள்.

சரி, சாப்பாட்டுக்கு வருவோம்.

சீனிக் குடில்

அந்த ஞாயிற்றுக்கிழமை மருமகன், "மாமி, உங்களைச் சீனிக் குடிலுக்குக் கூட்டிக்கொண்டு போறன்" என்றார். பிரெஞ்சு மொழியில் அதற்குக் 'கபான் ஆ சுக்ர்' என்று பெயர். கியூபெக் மக்களுக்கு மார்ச், ஏப்ரல் என்றால் சீனிப் பருவம். நாலைந்து மாதம் பனிக்குள் அடைந்து கிடந்தவர்கள் பாட்டன், பாட்டி, பிள்ளை, பேரன் என்று குடும்பத்தோடு காட்டுக்குப் புறப்பட்டுவிடுவார்கள். நாங்கள் போனது மொண்ட்ரியலுக்குத் தென்கிழக்கே மோன்-சேன்-கிரெகுவார் என்ற சிறு மலையடிவாரத்துக்கு. காரில் ஒரு மணி நேரத்துக்குள் போய்விடலாம். அந்த வட்டாரத்தில் இத்தகைய குடில்கள் நிறைய உண்டு.

காரை விட்டு இறங்கினால் பாதி பனி, பாதி சேறு. இலையில்லாத மரங்கள் சாம்பல் நிறத்தில் வரிசையாக நிற்கின்றன. நடுவில் ஒரு பலகைக் கொட்டகை. கூரையின் உச்சியில் திறப்பு வைத்து அதன் வழியாக வெள்ளைப் புகை குபுகுபுவென்று போகிறது. கிட்டே போனபோதுதான் அது புகையல்ல, நீராவி என்று தெரிந்தது. அந்த ஆவியிலேயே இனிப்பு வாசம்! பாகு காய்ச்சும் அடுப்படியில் நின்றவர்களுக்கு அந்த வாசம் தெரியும்.

உள்ளே விறகு அடுப்பின்மேல் அகலமான தட்டைப் பாத்திரம். அதில் மரத்து நீர் கொதிக்கிறது. அதுதான் மேப்பிள் மரத்தின் நீர். கனடாவின் கொடியில் சிவப்பு இலை இருக்கிறதல்லவா, அந்த மேப்பிள்தான். அதிலே சீனி மேப்பிள் என்று ஓர் இனம். கோடையில் மரம் சேர்த்து வைத்த மாவுச்சத்து குளிர்காலக் கடைசியில் இனிப்பாக மாறுகிறது. இரவில் தண்ணீர் உறைய வேண்டும், பகலில் வெயில் அடித்து உருக வேண்டும். அப்போதுதான் மரத்துக்குள் அழுத்தம் உண்டாகி நீர் வெளியே வடியும். இரவும் குளிர், பகலும் குளிர் என்றால் சொட்டாது. இரவும் பகலும் சூடு என்றாலும் சொட்டாது. மொட்டு வெடிக்கத் தொடங்கிவிட்டால் நீரின் சுவை கெட்டுவிடும். ஆக, வருடத்தில் சில வாரங்கள்தான் வெட்டு!

அந்த நீர் பார்ப்பதற்குப் பச்சைத் தண்ணீர் மாதிரியே இருக்கிறது. ஒரு சிறு குவளையில் கொடுத்தார்கள். இளநீரில் பாதித் தண்ணீர் கலந்தது போல் லேசான இனிப்பு. நூற்றில் இரண்டு பங்குதான் சர்க்கரை. அதனால்தான் ஒரு லிட்டர் பாகு வேண்டுமென்றால் ஏறக்குறைய 40 லிட்டர் நீரைக் காய்ச்ச வேண்டும். தண்ணீர் கொதிக்கும் சூட்டைவிட 4 பாகை கூடி, 104 பாகை செல்சியசுக்கு வரும்போது பாகு பதம். பொங்கி வழியப் பார்த்தால் ஒரு துளி வெண்ணெயைப் போடுகிறார்கள், அடங்கிவிடுகிறது.

இந்த வித்தை வெள்ளைக்காரர் கண்டுபிடித்ததல்ல. அவர்கள் வருவதற்கு முன்பே அந்த மண்ணின் பூர்வகுடி மக்கள் மரத்தைக் கீறி, மரப்பட்டைப் பாத்திரத்தில் நீர் பிடித்துப் பயன்படுத்தி வந்தார்கள். அவர்களிடமிருந்துதான் பிரெஞ்சுக் குடியேறிகள் கற்றுக்கொண்டார்கள்.

மேசையில் வந்தவை

சாப்பாட்டுக் கூடம் நம் கோயில் திருவிழாப் பந்தி போலத்தான். நீண்ட மேசைகள், நீண்ட பெஞ்சுகள். முன்பின் தெரியாதவர்கள் தோளோடு தோள் உரச உட்காருகிறார்கள். ஒருவர் பிடில் வாசிக்கிறார். இன்னொருவர் இரண்டு மரக்கரண்டிகளைத் தொடையில் தட்டித் தாளம் போடுகிறார். ஆளுக்கு 35 டாலர். நம் காசுக்கு நூறு வெள்ளிக்கு மேல். எனக்கு வயிறு எரிந்தது. ஆனால் ஒரு தட்டு முடிய முடிய மறு தட்டு வந்துகொண்டே இருந்தது.

முதலில் மஞ்சள் பட்டாணி சூப். நம் பருப்புத் தண்ணியைக் கெட்டியாகக் காய்ச்சியது போல. பிறகு ரொட்டி, வினிகரில் ஊறிய பீட்ரூட், ஊறுகாய் வெள்ளரி. உப்பிப் பொங்கிய முட்டை ஆம்லெட். இரவெல்லாம் அடுப்பில் வெந்த வெள்ளை அவரை விதை. பாகு தடவிய பன்றித் தொடை. பிறகு மொறுமொறுவென்று வறுத்த பன்றிக் கொழுப்பு. அதன் பிரெஞ்சுப் பெயரைச் சொன்னதும் என் மகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அது கொஞ்சம் வசைச்சொல் கலந்த பெயராம். பன்றி சாப்பிடாதவர்கள் முன்கூட்டிச் சொல்லிவிட்டால் பல குடில்களில் வேறு சமைத்துத் தருகிறார்கள். சம்பந்தி அம்மாவுக்கு அப்படித்தான் வந்தது.

வேடிக்கை என்னவென்றால், மேசை நடுவில் ஒரு குவளை நிறைய மேப்பிள் பாகு. அதை எல்லாவற்றின் மேலும் ஊற்றுகிறார்கள். முட்டை மேல் பாகு! அவரை மேல் பாகு! உப்புக் கறி மேலும் பாகு! "இதென்ன கூத்து?" என்று முதலில் முகத்தைச் சுளித்தேன். பேரன் என் தட்டில் ஊற்றியே விட்டான். ஒரு வாய் வைத்தேன். உப்பும் இனிப்பும் சேர்ந்து... வாசகர்களே, குறை சொல்வதற்கில்லை.

ஏன் இத்தனை கனமான சாப்பாடு என்று நினைப்பீர்கள். முன்காலத்தில் இது விருந்தல்ல, வேலைக்காரர் சாப்பாடு. முழங்கால் பனியில் வாளி வாளியாக நீர் சுமந்து, விறகு வெட்டி, இரவு பகலாக அடுப்பைக் காப்பவர்களுக்கு இப்படித் தின்றால்தான் தாங்கும். குளிர்காலக் கடைசியில் வீட்டில் மிஞ்சியிருப்பதும் உப்புக் கறியும் காய்ந்த பட்டாணியும்தான். இருந்ததை வைத்துச் செய்தது இன்று திருநாள் சாப்பாடாகிவிட்டது. 2021ஆம் ஆண்டில் கியூபெக் அரசாங்கம் இந்தச் சீனிப் பருவ வழக்கங்களை நாட்டின் பண்பாட்டுச் சொத்து என்று முறைப்படி அறிவித்தது. காண்டாவாளி சுமந்தவர்களின் சாப்பாட்டுக்கு அரசாங்க மரியாதை என்று வைத்துக்கொள்ளுங்களேன்!

கடைசியில் வெளியே கூப்பிட்டார்கள். மரத் தொட்டியில் சுத்தமான பனியை நிரப்பி, இன்னும் இறுகக் காய்ச்சிய பாகை அதன்மேல் கோடு கோடாக ஊற்றுகிறார்கள். நொடியில் கெட்டியாகிவிடுகிறது. ஒரு குச்சியை வைத்துச் சுருட்டினால் மிட்டாய். என் பேரன் ஐந்து தின்றான். நான் மூன்று. டாக்டரிடம் சொல்லிவிடாதீர்கள்.

மரத்தடியில்

குடிலின் உரிமையாளர் எழுபதைத் தாண்டிய பெரியவர். அவருடைய பாட்டன் காலத்திலிருந்து அதே காடு. இப்போது பெரும்பாலான இடங்களில் மரத்துக்கு மரம் பிளாஸ்டிக் குழாய் கட்டி நீரை நேரே கொட்டகைக்கு இழுத்துவிடுகிறார்கள். வாளி சுமக்கும் வேலை இல்லை. ஆனாலும் வந்தவர்களுக்குக் காட்டுவதற்காகச் சில மரங்களில் பழைய தகர வாளியே தொங்குகிறது.

பெரியவர் கையால் சுற்றும் துறப்பணத்தால் ஒரு மரத்தில் துளை போட்டுக் காட்டினார். சுண்டுவிரல் அளவுகூட இல்லாத துளை; ஆழம் இரண்டு அங்குலம். ஒரு சிறு மூக்கைச் செருகினார். சொட்டு... சொட்டு... சொட்டு.

அந்தச் சத்தத்தைக் கேட்டு எத்தனை வருடம்! என்னை அறியாமல் மரத்தண்டை போய்விட்டேன். போன வருடத் துளை எங்கே என்று கை தேடியது. பக்கத்திலேயே இருந்தது, தழும்பு கட்டி. அதைக் கட்டை விரலால் தடவிப் பார்த்தேன். நாம் பட்டையைச் சீவுகிறோம், மரத்தில் கத்தி படக்கூடாது. பட்டால் காயம், கங்காணி ஏசுவார். அவர்கள் மரத்துக்குள்ளேயே துளைக்கிறார்கள். நமக்குப் பால் பட்டையில், அவர்களுக்கு நீர் மரத்தில். நாம் அதே கோட்டைக் கீழே கீழே இறக்குகிறோம். அவர்கள் வருடத்துக்கு ஒரு புதுத் துளை, பழைய துளையிலிருந்து தள்ளி. ஆனால் மரம் ஆறவேண்டும் என்கிற கவலை இரண்டு பேருக்கும் ஒன்றுதான்.

பெரியவர் என் விரலையே பார்த்துக்கொண்டிருந்தார். பிரெஞ்சில் ஏதோ கேட்டார். எல்லாரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். சம்பந்தி அம்மாவும்தான்.

"என்ன தேடுறீங்கன்னு கேக்குறாரும்மா" என்றாள் மகள்.

அவள் முகத்தைப் பார்த்தேன். "சும்மா பார்க்கிறாங்கன்னு சொல்லிடு பிள்ளை" என்றேன்.

அவள் கொஞ்ச நேரம் பேசாமல் நின்றாள். பிறகு பிரெஞ்சில் சொல்லத் தொடங்கினாள். நீளமாகச் சொன்னாள். எனக்கு விளங்கியது இரண்டே சொல்தான்: மலேசியா, மாமோன். மாமோன் என்றால் அம்மா. சொல்லி முடித்துவிட்டு, மாமியார் பக்கம் திரும்பித் தமிழிலும் சொன்னாள்: "எங்க அம்மா ரப்பர் மரம் சீவினவங்க, மாமி. தோட்டம் எங்களுது இல்ல. வெள்ளைக்காரன் கம்பெனியோடது. பாட்டியும் அங்கதான் மரம் சீவுனாங்க. நான் உங்ககிட்ட சொல்லல."

பெரியவர் தொப்பியைக் கழற்றிவிட்டு என் கையைப் பிடித்துக் குலுக்கினார். துறப்பணத்தை என்னிடம் நீட்டினார். அடுத்த மரத்தில் துளை நான்தான் போட்டேன். கொஞ்சம் கோணல்தான். ஆனால் சொட்டியது.

சம்பந்தி அம்மா கிட்டே வந்தார். "நான் என்ன பெரிய பணக்காரியோ சம்மந்தி? எங்கட ஊரிலை பனங்கட்டி காய்ச்சிற இடத்திலை சின்னப் பிள்ளையளா ஒரு துண்டுக்கு நிண்டிருக்கிறம். உங்கட கையைப் பார்த்த அண்டைக்கே தெரியும், நீங்கள் பாடுபட்ட மனிசி எண்டு" என்றார். என் மகள் பனியைப் பார்த்துக்கொண்டு நின்றாள். கண்ணைத் துடைத்ததை நான் பார்க்காதது போல் இருந்துவிட்டேன்.

பேரன்தான் விடவில்லை. "பாட்டி, உங்க மரத்துத் தண்ணியும் இனிக்குமா?"

"இனிக்காதுடா ராசா. குடித்தால் செத்துப்போவாய். ஆனால் நான் வந்த விமானத்தின் சக்கரம் அந்தப் பாலில்தான் செய்கிறார்கள்" என்றேன். விமானச் சக்கரத்துக்கு இன்றும் மரத்து ரப்பர்தான் முக்கியம். அவன் கண் விரிந்தது பாருங்கள்!

மரம் யாருடையது?

திரும்பும் வழியில் மருமகன் பல விவரங்களைச் சொன்னார். உலகத்து மேப்பிள் பாகில் நூற்றுக்கு 70 பங்கு கியூபெக்கில் உற்பத்தியாகிறது. பெரும்பாலும் குடும்பக் காடுகள். முன்பு வியாபாரி வைத்ததே விலை. 1966ஆம் ஆண்டில் உற்பத்தியாளர்கள் ஒன்றுகூடிச் சம்மேளனம் அமைத்தார்கள். இன்று மொத்தப் பாகு அந்த அமைப்பின் வழியாகத்தான் விற்பனையாகிறது. ஆளுக்கு இவ்வளவு என்று அளவும் உண்டு. அது பிடிக்காமல் சண்டை போடுபவர்களும் உண்டு. நல்ல வருடத்தில் மிஞ்சுவதைப் பீப்பாய்களில் அடைத்துக் கையிருப்பு வைத்து, கெட்ட வருடத்தில் எடுத்து விற்கிறார்கள். 2021இல் விளைச்சல் 13 கோடி 30 லட்சம் பவுண்டுதான், கையிருப்புதான் காப்பாற்றியது. மறு வருடம் 21 கோடி பவுண்டைத் தாண்டியது. இந்தக் கையிருப்பிலிருந்து ஏறக்குறைய 3,000 டன் பாகைத் திருடி, பீப்பாயில் தண்ணீரை நிரப்பி வைத்த கூட்டமும் உண்டு. 2012இல் அது அம்பலமானது.

ரப்பருக்கும் 1980 முதல் 1999 வரை கோலாலம்பூரைத் தலைமையகமாகக் கொண்ட அனைத்துலக அமைப்பு ஒன்று கையிருப்பு வைத்து விலையைத் தாங்கிப் பார்த்தது. பிறகு கலைந்துவிட்டது.

அவர்களுக்கும் கஷ்டம் இல்லாமல் இல்லை. 1998 ஜனவரியில் பெய்த உறைமழையில் அந்த வட்டாரத்து மரங்களின் கிளைகள் ஐஸ் பாரம் தாங்காமல் முறிந்து விழுந்தன. மேப்பிள் கன்று துளை போடும் பருவத்துக்கு வர ஏறத்தாழ 40 வருடம் ஆகும். நம் ரப்பர் ஐந்தாறு வருடத்தில் வெட்டுக்கு வரும், 25, 30 வருடத்தில் வெட்டிச் சாய்த்துவிடுவார்கள். மேப்பிளோ நூறு வருடத்துக்கு மேலும் கொடுக்கும். 1998இல் முறிந்ததற்குப் பதிலாக வைத்த கன்று, நான் போனபோதும் வெட்டுக்கு வந்திருக்கவில்லை. 2020 மார்ச்சில் கொரோனா வந்து, பருவம் தொடங்கும் நேரத்தில் குடில்களைப் பூட்டவைத்தது. மறு வருடம் சாப்பாட்டைப் பெட்டியில் கட்டி வீடுகளுக்கு விற்றார்கள். அப்படியும் பல குடில்கள் திறக்கவேயில்லை.

ஆனால் ஒன்று, வாசகர்களே. அந்தக் காடு அந்தப் பெரியவருடையது. துளை போட்டவனே பாகையும் விற்கிறான். நமக்கு அப்படி இல்லை. நாம் மூன்று தலைமுறை சீவிய மரம் நம்முடையதாக இருந்ததில்லை. மரத்தை வெட்டி எண்ணெய்ப்பனை வைத்தார்கள், தோட்டத்தைத் துண்டு போட்டு விற்றார்கள், லயத்தைக் காலி செய்யச் சொன்னார்கள். அந்தக் கணக்கு இன்னும் தீரவில்லை.

ஆனால் கைத்தொழில் நம்முடையது. பட்டையின் கனம் பார்த்து, இருட்டில் மெழுகுவர்த்தி வெளிச்சத்தில், மரத்தைக் காயப்படுத்தாமல் சீவத் தெரிந்த கை நம்முடையது. அதை யாரும் எடுத்துக்கொண்டு போக முடியாது. அதைப் பிள்ளைகளுக்குச் சொல்லாமல் விட்டால் நாமே தொலைத்தவர்களாவோம். உங்கள் வீட்டில் பழைய சீவும் கத்தி இருந்தால் பழைய இரும்புக்காரனிடம் போடாதீர்கள். ஒரு மங்கையும் சேர்த்து எடுத்து வையுங்கள். பேரப்பிள்ளை கேட்டால் நிரை எப்படிப் பிடிப்பது, கோட்டுப்பால் எப்படி இழுப்பது என்று செய்து காட்டுங்கள்.

உங்கள் அடுப்புக்கு

போன இடத்துப் பலகாரம் ஒன்றைச் சொல்லாமல் முடித்தால் சகோதரிகள் விடமாட்டீர்கள். 'வேலையில்லாதவன் புட்டிங்' என்று ஒன்று உண்டு. 1929இல் தொடங்கிய பொருளாதார மந்தத்தின்போது கியூபெக் ஏழைகள் மாவையும் சீனியையும் வைத்துச் செய்தது. மேப்பிள் பாகு நம் ஊரில் விலை அதிகம். நான் குலா மலாக்காவில் செய்து பார்த்தேன், நன்றாகவே வந்தது.

கால் கப் வெண்ணெயை அரை கப் சீனியோடு குழைத்து, ஒரு முட்டையை அடித்து ஊற்றுங்கள். ஒன்றரை கப் கோதுமை மாவில் இரண்டு தேக்கரண்டி பேக்கிங் பவுடர் கலந்து சலித்து, முக்கால் கப் பாலோடு சேர்த்துக் கலக்குங்கள். நெய் தடவிய ஆழமான தட்டில் ஊற்றிவையுங்கள். 300 கிராம் குலா மலாக்காவை ஒன்றரை கப் தண்ணீரில் கரைத்து, வடிகட்டி, ஒரு கொதி வந்ததும் மாவின்மேல் மெதுவாக ஊற்றுங்கள். கிளறவேண்டாம். 180 பாகை சூட்டில் 40 நிமிடம். மாவு மேலே எழும்பிவிடும், பாகு அடியில் தங்கிவிடும். சூடாகக் கரண்டியால் அள்ளிப் போடுங்கள்.

செய்து பார்த்துவிட்டு எழுதுங்கள். அதோடு, உங்கள் பிள்ளைகளிடம் உங்கள் பழைய வேலையைப் பற்றிச் சொன்னபோது அவர்கள் என்ன கேட்டார்கள் என்றும் எழுதுங்கள். என் மகள் போன வாரம் தொலைபேசியில் சொன்னாள்: பேரன் பள்ளியில் 'என் குடும்பம்' என்று கட்டுரை எழுதினானாம். அதில் ஒரு மேப்பிள் மரம், பக்கத்தில் ஒரு பால்மரம், அதன் அடியில் கத்தியோடு ஒரு பாட்டி. படத்தை அனுப்பியிருக்கிறாள். கத்தியைத் தலைகீழாகப் பிடிக்கவைத்திருக்கிறான். அடுத்த முறை போகும்போது திருத்த வேண்டும்.

அடுத்த இதழில் சந்திப்போம். வணக்கம்.